கேமிங் கணினி: மேசைக்கா, மடிக்கா, டிவிக்கா?

ஒன்றரை லட்சம் ரூபாய் செலவழித்து கேமிங்குக்கென்றே ஒரு கணினி வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டவருக்கு, அந்த முடிவுக்கும் பெட்டி வீடு வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நாட்கள்தான் மிகவும் இன்பமானவை. ஒவ்வோர் இரவும் ஒரு புதிய பட்டியல் தயாராகும். திரையில் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படி மேலே போகும், அதற்கு ஈடாக கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒரு படி கீழே இறங்கும், மறுநாள் காலையில் இரண்டுமே மேலே ஏறி பட்ஜெட் இருபதாயிரம் ரூபாய் எகிறியிருக்கும். இந்தப் பரவசத்தில் தவறு எதுவும் இல்லை. பல ஆண்டுகள் பழைய இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு அது நியாயமாகவே சேர வேண்டிய மகிழ்ச்சி.

ஆனால் முதல் வாரத்து மகிழ்ச்சியை அளவுகோலாக வைத்து எந்த வழி சிறந்தது என்று சொல்ல முடியாது. வினாடிக்கு நாற்பது ஃபிரேமில், அதாவது நாற்பது படங்களில், திணறிய விளையாட்டை முதன்முறையாக நூற்றிருபது ஃபிரேமில் பார்க்கிறவருக்கு லேப்டாப், டெஸ்க்டாப், கன்சோல் எல்லாமே சொர்க்கமாகத்தான் தெரியும். வேறுபாடு தெரிவது மூன்றாம் ஆண்டில்: புதிதாக வந்த விளையாட்டு எட்டு ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகத்தில் அடங்காமல் முரண்டு பிடிக்கும்போது, வாரண்டி முடிந்த மறு மாதம் விசிறி கரகரக்கும்போது, சித்திரை வெயிலில் அறைக்கதவைத் திறந்துவைத்து விளையாட வேண்டிவரும்போது. ஆகவே இந்தக் கட்டுரை நான்கு வழிகளையும் மூன்றாம் ஆண்டிலிருந்து திரும்பிப் பார்க்கும் கண்ணோடு ஒப்பிடுகிறது. கேமிங் லேப்டாப், உதிரிப் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், நிறுவனமே கட்டித்தரும் டெஸ்க்டாப், பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் ஆகியவையே அந்த நான்கு. ஒப்பீட்டின் பெரும்பகுதி முதல் இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது, ஏனெனில் பெரும்பாலானோர் தடுமாறுவதும் அங்கேதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரான ஆர்டிஎக்ஸ் 5070 என்று இருக்கும். டெஸ்க்டாப்புக்கான கார்டின் பெட்டியிலும் அதே ஆர்டிஎக்ஸ் 5070 என்றுதான் இருக்கும். டெஸ்க்டாப் கார்டில் 6,144 கூடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 12 ஜிபி நினைவகமும் உண்டு, அது 250 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் உள்ளதோ 4,608 கோர்களும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட வேறு சிப். அதற்கு நிறுவனம் கொடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் நூறு வாட்டைச் சுற்றியே நிற்கும். உச்சத்துக்குப் போகப் போக இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 5090இல் 21,760 கோர்களும் 32 ஜிபி நினைவகமும் இருக்க, அதே பெயருள்ள லேப்டாப் சிப்பில் 10,496 கோர்களும் 24 ஜிபியும்தான் உள்ளன. 575 வாட் எடுக்கும் ஒரு கார்டை இரண்டரைக் கிலோ இயந்திரத்துக்குள் அடைக்க இயற்பியல் இடம் கொடுக்காது. இதில் ஏமாற்று என்று சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்த விற்பனைத் துறையின் துணிச்சலை என்னால் பாராட்ட முடியவில்லை.

லேப்டாப்புகளுக்குள்ளேயே இன்னொரு மறைவும் உண்டு. முந்தைய தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் நிறுவனங்கள் பொருத்திக்கொள்ள என்விடியா இடமளித்திருந்தது. மெலிதான, அழகான உடலுள்ள மாடலில் அது குறைந்த வாட்டில் ஓடும். தடிமனான, கொஞ்சம் அழகு குறைந்த மாடலில் முழு வாட்டில் ஓடும். இரண்டின் விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக்கூடும், சில சமயம் மெலிதானது கூடுதலாகவும் இருக்கும். எனவே லேப்டாப் வாங்குகிறவர் கார்டின் பெயருக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இந்த மாடலில் அது எத்தனை வாட் என்பதுதான். கடை ஊழியருக்கு அது தெரியாமல் போகலாம், ஆனால் நிறுவனத்தின் விவரப் பட்டியலில் சிறிய எழுத்தில் கண்டிப்பாக இருக்கும்.

இனி வெப்பம். சென்னையிலோ வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில் வெளியே நாற்பது டிகிரி இருக்கும்போது, மின்விசிறி மட்டும் சுழலும் அறையின் வெப்பம் முப்பத்தைந்தை எளிதாகத் தொடும். குளிர்நாடுகளில் இருபத்திரண்டு டிகிரி ஆய்வறையில் சோதித்து வெளியிடப்படும் மதிப்பீடுகளில் 80 டிகிரி காட்டும் பிராசசர் (கணினியின் மூளையான சிப்), இங்கே அதே சுமையில் 90க்கு மேல் போய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் இதற்குத் தீர்வு எளிது: கேபினெட்டின் முன்பக்கம் வலைத்தகடாக இருந்து, உள்ளே காற்றை இழுக்க இரண்டு விசிறியும் வெளியே தள்ள ஒன்றும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். லேப்டாப்பில் விரலளவு தடிமனுள்ள விசிறிகள் மிக வேகமாகச் சுழன்றுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதன் இரைச்சல் ஹெட்செட் இல்லாமல் விளையாடவிடாது, விரல்கள் எப்போதும் குடியிருக்கும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் பகுதி சூடேறி உள்ளங்கை வியர்க்கும். கட்டிலில் மெத்தைமேல் வைத்து விளையாடினால், அடிப்பக்கத்தின் காற்றுத் துளைகளைப் போர்வை அடைத்துவிட, பத்து நிமிடத்தில் ஃபிரேம் எண்ணிக்கை சரியத் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்புறத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி வைக்கும் ஒரு சாதாரண ஸ்டாண்டு நூற்றுக்கணக்கில்தான் விலை, ஆனால் அது தரும் பயன் பெரிது.

இவ்வளவையும் படித்தவர் டெஸ்க்டாப்தான் என்று முடிவு கட்டிவிடலாம். பொறுங்கள், லேப்டாப்பின் பக்கத்தில் மிக வலுவான ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு லேப்டாப் வாங்குகிறவர் அந்தப் பணத்துக்குள்ளேயே 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் திரை (வினாடிக்கு அத்தனை முறை படம் மாற்றுவது), கீபோர்டு, ஒலிபெருக்கி, வெப்கேம், வைஃபை, உரிமம் பெற்ற விண்டோஸ், மின்வெட்டின்போது அணையாமல் காக்கும் பேட்டரி ஆகிய அனைத்தையும் வாங்கிவிடுகிறார். டெஸ்க்டாப் வாங்குகிறவர் அதே ஒன்றரை லட்சத்தைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டிவிட்டு, பிறகுதான் மானிட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் விண்டோஸ் உரிமத்துக்கும் கீபோர்டு, மவுஸுக்கும் பணம் தேடுகிறார். இவை அனைத்தையும் நேர்மையாகக் கூட்டினால் நாற்பதாயிரம் ரூபாய்கூட ஆகிவிடலாம். ஆகவே ஒன்றரை லட்சத்து லேப்டாப்புக்கு நேரான எதிராளி, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிதான். அப்படிப் பார்த்தாலும் முதல் நாளின் வேகத்தில் டெஸ்க்டாப்தான் முந்தும், ஆனால் பலர் கற்பனை செய்யும் இரட்டிப்பு வித்தியாசம் அதில் இருக்காது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும், வேலை காரணமாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவருக்கும் இந்த ஒப்பீடே தேவையில்லை, அவர்களுக்கு லேப்டாப்தான். பதினைந்து கிலோ கேபினெட்டை ஆம்னி பேருந்தின் டிக்கியில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனால், கனமான கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டின் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையின்) செருகியை வளைத்துவிடும் ஆபத்து உண்மையானது. கார்டைத் தனியாகக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதைச் செய்யும் பொறுமை எவருக்கும் இருக்காது.

ஒரே இடத்தில், ஒரே மேசையில் விளையாடப் போகிறவர் என்றால் கதை வேறு. அவர் கார்டிலிருந்து தொடங்காமல் திரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன, 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 4கே திரைக்கு மாறுகிறவர், 1080பி திரையைப் போல நான்கு மடங்கு பிக்சல்களை ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைந்து தள்ளும்படி தன் கார்டைக் கேட்கிறார். வேகத்தின் கணக்கோ இதற்கு நேர்மாறாகச் சுருங்குகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி நிற்கிறது, 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிவினாடி, 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிவினாடி. முதல் தாவலில் பத்து மில்லிவினாடி குறைகிறது. மவுஸை இழுத்த கணமே எவர் கண்ணுக்கும் அது தெரியும். இரண்டாவது தாவலில் மூன்றுக்கும் குறைவாகவே மிச்சமாகிறது. போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஆடுகிறவருக்கு அது பொருட்டாகலாம், மற்றவர்கள் அந்தப் பணத்தை 27 அங்குல 1440பி திரையில் போடுவது மேல்.

இதிலிருந்து கார்டு தானாகவே முடிவாகிறது. வாலரண்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2உம் போன்ற துப்பாக்கிச் சண்டைப் போட்டி விளையாட்டுகள் மட்டுமே ஆடுகிறவருக்கு அறுபதாயிரம் ரூபாய்க் கார்டு வீண். அந்த விளையாட்டுகள் நடுத்தரக் கார்டிலேயே 144 ஹெர்ட்ஸ் திரையை நிரப்பிவிடும். சைபர்பங்க் 2077 போன்ற கனமான கதை விளையாட்டுகளை 1440பி திரையில் அழகாகப் பார்க்க வேண்டும் என்பவர் 12 ஜிபிக்குக் குறைந்த கார்டைத் தொடாமல் இருப்பது நல்லது, 16 ஜிபி என்றால் இன்னும் நல்லது. இங்கே ஒரு கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஒரே பெயரில் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்கப்படுகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டும் அப்படியே. கொட்டேஷனில் கார்டின் பெயர் மட்டும் இருந்து நினைவக அளவு இல்லையென்றால், வருவது 8 ஜிபியாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்விடியா, 5070 கார்டுக்கு இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 59,000 ரூபாய், 5090க்கு 2,14,000 ரூபாய். அறிவித்த விலையில் கடையில் கிடைப்பது வேறு விஷயம், அதைச் சந்தை நிலவரம்தான் சொல்லும்.

டெஸ்க்டாப்பின் உண்மையான பலம் மூன்றாம் ஆண்டில் வெளிப்படுகிறது என்று சொன்னதற்கு வரலாறே சாட்சி. 2017இல் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசசரோடு ஏஎம்4 செருகி (பிராசசர் உட்காரும் இடம்) கொண்ட மதர்போர்டு வாங்கிய பலர், ஐந்து ஆண்டுகள் கழித்து 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில், பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் மட்டும் செய்து, பொருத்திக்கொண்டார்கள். ரேம் மாறவில்லை, போர்டு மாறவில்லை, கேபினெட் மாறவில்லை. அந்த ஒரு சிப்பால் கணினி இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கியது. 2022 செப்டம்பரில் அறிமுகமான ஏஎம்5 செருகிக்கும் குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7600 போட்டுத் தொடங்குகிறவர், கையில் பணம் வரும்போது 9800எக்ஸ்3டியோ அதற்குப் பின் வருவதோ வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லின் எல்ஜிஏ1700 செருகி மூன்று தலைமுறைகளோடு முடிந்துபோய், 2024 அக்டோபரில் புதிய செருகி வந்துவிட்டது. அந்தத் தலைமுறைகளில் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்நிலைச் சிப்கள் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைந்ததும், இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்ததும் பழைய செய்தி. ஆனால் பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்க்கிறவர் பயாஸ் அப்டேட் செய்யாமல் அதை ஓட்டக்கூடாது. லேப்டாப்பில் பிராசசரும் கார்டும் போர்டோடு பற்றவைக்கப்பட்டவை. ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், அதற்கு மேல் வழியில்லை.

அசெம்பிள் செய்ய முடிவெடுத்தவர், எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்குகள் மினுங்கும் விசிறிகள், கண்ணாடிப் பக்கங்கள், நீர்க்குளிர்விப்பு ஆகியவற்றில் தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம். 65 வாட் பிராசசருக்கு நீர்க்குளிர்விப்பு வெறும் அலங்காரம். பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கக்கூடாது. 5070 கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் எஸ்எம்பிஎஸ். நம்பகமான நிறுவனத்தின் கோல்டு தரச் சான்று பெற்ற 750 வாட் ஒன்றை வாங்கினால், அடுத்த கார்டு வரும்போதும் அதை மாற்ற வேண்டியிருக்காது. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ், போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடும்.

ரேம் விலை தனிக் கதை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை மொத்தமாக அள்ளத் தொடங்கியதால், 2025இன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 ரேம் விலை மடங்குகளில் ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் பட்டியலின் கடைசியில் யோசிக்காமல் எழுதிவிடும் வரியாக இருந்த 32 ஜிபி ரேம், இப்போது கார்டுக்கு அடுத்தபடியாக நின்று பேரம் பேசுகிறது. பட்ஜெட் இடிக்கிறதென்றால் இரண்டு 8 ஜிபி குச்சிகளோடு தொடங்கலாம். ஒரே ஒரு 16 ஜிபி குச்சி போட்டால் நினைவகத்தின் பாதை பாதியாகக் குறுகி, நல்ல பிராசசரும் தடுமாறும். லேப்டாப்புகள் பெரும்பாலும் இந்த ஒற்றைக் குச்சியோடுதான் வருகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாகங்களின் விலை இப்படி ஏறியிருக்கும்போது, முன்பே வாங்கிய சரக்கில் கட்டப்பட்ட லேப்டாப்போ நிறுவன டெஸ்க்டாப்போ சில வாரங்களுக்கு மலிவாகிவிடுவதும் உண்டு. வழக்கமாக அசெம்பிள்தான் மலிவு என்ற விதி அப்போது செல்லாது, அந்த வாரத்து விலையைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கே வாங்குவது என்பதில் சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துகளாகப் பிரியும் அந்தச் சந்தையில், ஒரே பட்டியலை மூன்று கடைகளில் கொடுத்துப் பாருங்கள். மூன்று கொட்டேஷன்களின் மொத்தத் தொகை நெருக்கமாகவே இருக்கும், உள்ளே இருக்கும் பொருட்கள்தான் மாறியிருக்கும். ஒரு கடையில் எஸ்எஸ்டியின் பெயருக்குப் பதிலாக 'ஒரு டிபி என்விஎம்இ' என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் இருக்கும் ஆனால் நிறுவனம் இருக்காது. "அந்த போர்டு ஸ்டாக் இல்ல சார், இது அதவிட பெட்டர்" என்று சொல்லும்போது, அந்த மாடல் எண்ணைக் கைபேசியில் தட்டி, மின்சாரம் தாங்கும் பகுதிக்கு வெப்பத் தகடு இருக்கிறதா, ரேமுக்கு நான்கு இடமா இரண்டா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. கடைக்காரர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தக் கடையானாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் வாங்க வேண்டும். கார்டுக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்று ஆண்டும், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டும் வாரண்டி இருக்கும். மூன்றாம் ஆண்டில் கடை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பில்லைக் காட்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கார்டு சில ஆயிரம் மலிவாக இருக்கும், ஆனால் பல நிறுவனங்கள் அதற்கு இங்கே வாரண்டி தருவதில்லை என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

நிறுவனமே கட்டித்தரும் டெஸ்க்டாப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்குரூடிரைவரைத் தொட விரும்பாதவருக்கும், கோளாறு என்றால் ஒரே எண்ணுக்கு அழைத்து ஆளை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்பவருக்கும் அது பொருந்தும். ஆனால் பல நிறுவனங்கள் தமக்கென்று தனி அளவில் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் செய்கின்றன. பிற்பாடு கார்டை மாற்ற நினைத்தால் செருகிகள் பொருந்தாமல், டெஸ்க்டாப்பின் விலையைக் கொடுத்து லேப்டாப்பின் அடைப்பை வாங்கியதுபோல் ஆகிவிடும். வாங்குவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவுதானா என்ற ஒன்றை மட்டும் கேட்டுவிட்டால் போதும்.

கன்சோலின் நியாயம் விலையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 2ஆம் தேதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5இன் விலை 49,990 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு அதற்கு இணையான கணினியைக் கட்டியிருக்கவே முடியாது. வரவேற்பறையில் நல்ல 4கே டிவி ஏற்கெனவே இருந்து, மாலையில் ஒரு மணி நேரம் சோஃபாவில் சாய்ந்து கதை விளையாட்டு ஆடுவதே நோக்கம் என்றால், மேலே சொன்ன வாட், ஜிபி எதையும் மண்டையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. புதிய டிஸ்க் ஒன்று ஐயாயிரம் ரூபாயைத் தொடுகிறது என்றாலும், ஆடி முடித்து நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். கணினியில் வாங்கிய விளையாட்டை அப்படிக் கைமாற்ற முடியாது. பதிலுக்குக் கணினியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் தள்ளுபடிகள் இருக்கின்றன, இணையத்தில் சேர்ந்து ஆடத் தனிச் சந்தா கட்ட வேண்டியதில்லை. பெரிய விளையாட்டுகள் சில கன்சோலுக்கு முதலில் வருவதும் உண்மை. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, 2013 செப்டம்பரில் கன்சோலுக்கு வந்து 2015 ஏப்ரலில்தான் கணினிக்கு வந்தது, ஆறாம் பாகத்துக்கும் கன்சோல்களுக்கு மட்டுமே தேதி அறிவிக்கப்பட்டது. அதற்காகவே கணினி வாங்குகிறேன் என்பவர் நிதானிக்க வேண்டும். ஆனால் படிப்பு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, நிரல் எழுதுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்றால் கன்சோல் அந்த நிமிடமே போட்டியிலிருந்து விலகிவிடுகிறது.

கடைகளில் யாரும் பேசாதது மின்சாரம். நடுத்தர வலுவுள்ள டெஸ்க்டாப்பும் மானிட்டரும் விளையாட்டின்போது சேர்ந்து 400 வாட் எடுத்தால், நாளுக்கு மூன்று மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். 180 வாட் எடுக்கும் லேப்டாப்புக்கு ஏறத்தாழ 32 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தில் முக்கால் பங்கை டெஸ்க்டாப் மட்டுமே விழுங்கிவிடும். ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடு என்றால், அதைத் தாண்டியவுடன் மாறும் கட்டண அடுக்கு அம்மாவின் கேள்விகளைக் கொண்டுவரும். அந்த 400 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்குகிறது என்பதால், ஏசி உள்ள வீட்டில் அதன் உழைப்பும் கூடும். யுபிஎஸ்ஸில் இன்னும் கவனம் வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்; மின்சாரம் போன கணத்திலேயே அது கீச்சிட்டு அணைந்துவிடும். 1000 விஏவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், அதுவும் விளையாட்டைச் சேமித்து முறையாக மூடத்தானே தவிர தொடர்ந்து ஆடுவதற்கு இல்லை. மின்வெட்டு அடிக்கடி இருக்கும் ஊரில் லேப்டாப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவது இதனால்தான். பேட்டரியில் விளையாட்டின் வேகம் பாதியாகக் குறைந்தாலும், எழுதிக்கொண்டிருந்த புராஜெக்ட் போகாது.

பழைய கார்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு, பில்லும் எஞ்சிய வாரண்டியும் இருந்தால் வாங்கலாம் என்பதே என் பதில். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம் கிராஃபிக்ஸ் கார்டுகளின் கணக்கீட்டால் ஈட்டப்படுவது நின்றபின், இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. அந்தத் தலைமுறைக் கார்டுகளை இன்று பில் இல்லாமல் தொடவே வேண்டாம். காத்திருக்கலாமா என்பதற்கும் நீண்ட பதில் தேவையில்லை. புதிய தலைமுறை அறிவிப்பு ஓரிரு மாதத்தில் வரப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் காத்திருங்கள்.

பெட்டி வந்த மாலையில் செய்ய வேண்டியவை சில உண்டு, அசெம்பிள் செய்தவருக்கு அவை முக்கியம். கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டே பொருத்துங்கள். ஏஎம்5 போர்டை முதன்முறை ஆன் செய்ததும் விசிறிகள் சுழலும், திரையோ கருப்பாகவே இருக்கும். ரேமைப் போர்டு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், பதறி சுவிட்சை அணைக்காமல் உட்கார்ந்திருங்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்று எழுதியிருப்பதை ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய 6000 வேக ரேம் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகாமல், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளையில் செருக வேண்டும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 144க்கோ 165க்கோ நீங்களே மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வாலரண்ட் ஆடுகிறவர் விண்டோஸ் 11இல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் ஆன் ஆகியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விளையாட்டு திறக்காது. லேப்டாப்பானாலும் டெஸ்க்டாப்பானாலும் அன்றிரவே உங்களிடம் உள்ளவற்றில் மிகக் கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி, வெப்ப அளவையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் திரையின் மூலையில் போட்டுப் பாருங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், மாற்றிக்கொள்ள அவர்கள் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரே வாரம்தான். கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிட வேண்டும், அதுவரை எந்த அட்டைப் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.